மணி ஒலித்த பின்னரே கைதட்டல்

செமாராங் நகர் ஜெண்டெலா வலை வடிவமைப்பகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் திட்ட மேலாளராகத் திகழ்ந்து, இன்று பணி நிறைவு பெறும் ‘பாக்’ என யாம் மதிப்போடு விளிக்கும் விக்னியோ ஹர்தோனோ அவர்களுக்கு, உடன் பணியாற்றியோர் உவந்தளிக்கும் பாராட்டு மடல்

திட்டம் தீட்டுவதில் தேர்ந்த திறலோரே! பக்கம் பக்கமாய்ப் பணி வகுத்துப் பழுதின்றி முடித்த பண்பாளரே! வண்ணம் தீட்டுமுன் எண்ணம் தீட்டுக என எம்மை வழிநடத்திய வல்லவரே! வருக! மலர் சூட்டிய இந்நாற்காலியில் நேராக அமர்க! எழுந்து சென்று ஒலிபெருக்கியின் கம்பியை ஆராய வேண்டா. அதனை இருவர் இருமுறை ஆராய்ந்துவிட்டோம்.

எம் தொழிலை வெளியிலிருந்து நோக்குவோர், திரையில் வண்ணம் பூசுவதே வலைத்தளம் அமைத்தல் என எண்ணுவர். தாங்களோ, வாடிக்கையாளர் வந்தமரும் முதல் நாளில் எவரையும் கணினியைத் திறக்க விட்டதில்லை. தரையில் பாய் விரித்து, வெள்ளைத் தாள் துண்டுகளை அவர் கையில் கொடுத்து, தம்மை நாடி வருவோர் வாய் திறந்து முதலில் கேட்பது யாது என ஒரு துண்டுக்கு ஒரு கேள்வியாக எழுதச் செய்தீர்கள். அவர் அடுக்கிய அடுக்கே தளத்தின் பக்க வரிசையாயிற்று. பல் மருத்துவர் ஒருவர் தம் பட்டங்களை முதல் துண்டாக வைத்தார்; அவர் மனைவியார் அதனை எடுத்துக் கடைசியில் வைத்துவிட்டு, ‘வலிக்குமா?’ என்னும் துண்டை முதலில் வைத்தார். தாங்கள் மனைவியாரின் வரிசையையே ஏற்றீர்கள். அம்மருத்துவர் முன்வரிசையில் அமர்ந்து சிரிப்பதை இம்மன்றம் காண்க!

பாய் சுருட்டிய பின் வண்ணமற்ற கோட்டுப்படம். கோட்டுப்படத்துக்குப் பின் சொற்கள். சொற்கள் நிலைபெற்ற பின்னரே வண்ணம். அதன் பின்னரே நிரல். இவ்வரிசையில் ஒன்றை முந்திச் செய்தவர் தங்கள் புருவம் உயர்வதைக் கண்டு தாமே பின்வாங்கினார். எல்லாம் முடிந்ததும், திரையில் விரிசல் விழுந்த பழைய கைப்பேசி ஒன்றை எடுத்துக்கொண்டு, நெரிசல் மிகுந்த சிற்றுந்தில் துறைமுகம் வரை சென்று திரும்புவீர்கள். குலுங்கும் வண்டியில், குன்றிய அலைவரிசையில், கட்டைவிரல் ஒன்றால் திறக்க முடிந்த தளமே தளம் என்பீர்கள். இறுதியாக, தாங்களே தொகுத்த நாற்பத்துநான்கு வரிகள் கொண்ட வெளியீட்டுப் பட்டியல்! அதில் ஒரு வரி விடுபட்டாலும் வெளியீடு இல்லை.

இம்மடலை எழுதப்போவதாகத் தெரிவித்தபோது தாங்கள் விதித்த நிபந்தனை யாவரும் அறிந்ததே. “புகழ்றதுன்னா அந்தச் சனிக்கிழமையையும் சேர்த்துச் சொல்லணும். இல்லேன்னா பாதியிலேயே எந்திரிச்சுப் போயிடுவேன்” என்றீர்கள். ஆகவே சொல்கிறோம். ஆயினும், தங்களை எதிரில் அமர்த்திக்கொண்டு ‘தாங்கள் தவறினீர்கள்’ என உரைக்க எமக்கு நா எழவில்லை. கதை சொல்வோர் முறைப்படி, வேறு எவரையோ பற்றிச் சொல்வதுபோலத் தங்களைப் பெயர் கூறியே சொல்கிறோம், பொறுத்தருள்க.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன், விழாக்களுக்குத் தும்பெங் சமைத்துக் கொடுக்கும் ‘இபு’ என யாவரும் மதிப்போடு அழைக்கும் சுமார்னி அம்மையார், தமக்கொரு தளம் வேண்டி வந்தார். மஞ்சள் சோற்றைக் கூம்பாக நிறுத்தி, சுற்றிலும் கோழியும் கீரையும் முட்டையும் அடுக்குவதில் அவருக்கு நிகரில்லை. சாலையை அகலப்படுத்தியபோது கடையை இழந்தவர். இனி வீட்டு அடுப்பும் இத்தளமுமே துணை என நம்பியிருந்தார். தளத்தில் படிவம் ஒன்று அமைந்தது. பெயர், நாள், முகவரி, ஆட்களின் எண்ணிக்கை ஆகியவற்றை நிரப்பிப் பொத்தானை அழுத்தினால், அழுத்தியவர்க்கு ‘தங்கள் ஆர்டர் ஏற்கப்பட்டது’ என்ற விடை தோன்றும். செய்தி இபுவின் கைப்பேசிக்குச் செல்லும். கட்டும் காலத்தில் சோதனைச் செய்திகள் அவரைத் தொல்லைப்படுத்தலாகாது என்று, பாக் விக்னியோ அவ்விடத்தில் தம் சோதனை அஞ்சற்பெட்டியின் முகவரியை இட்டார். ஒரே ஒரு நாளைக்கு என்றுதான் இட்டார்.

வெளியீட்டு நாளில், அன்று பட்டியலில் இருந்த நாற்பத்துமூன்று வரிகளும் சரி எனக் குறிக்கப்பட்டன. அலுவலகமே கைதட்டிற்று. படிவத்தின் முகவரியை மாற்றுக என்னும் வரி மட்டும் அப்பட்டியலில் இல்லை.

மூன்று வாரங்கள் சென்றன. அது சூரோ மாதம். எவரும் விழா வைக்காத மாதம். எனவே அமைதியைக் கண்டு எவரும் ஐயுறவில்லை. அம்மாதம் முடிந்த மறுநாள் சனிக்கிழமை காலை, கதவு திறந்ததும் திறவாததுமாக இபு சுமார்னி வந்து நின்றார்.

“பாக், மூணு வாரமா என் போன் மூச்சே விடல. பக்கத்து வீட்டுக்காரி கேக்குறா, ‘கம்ப்யூட்டர்ல கடை போட்டீங்களே இபு, கதவு வைக்க மறந்துட்டாங்களா?’ன்னு. என் சமையல்தான் யாருக்கும் புடிக்கலபோல. அடுப்ப அணைச்சிட்டு சோலோவுல மக வீட்டோட போயிரலாம்னு இருக்கேன்.”

நிரலாளர் தெகர், திரையிலிருந்து தலை திருப்பாமல், “தளம் நல்லாத்தான் ஓடுது பாக். ஆர்டர் வரலேன்னா அதுக்கு நாம என்ன பண்றது?” என்றார்.

கதவு என்ற சொல் பாக் விக்னியோவின் நெஞ்சில் எதையோ தட்டிற்று. சோதனை அஞ்சற்பெட்டியைத் திறந்தார். பதினொரு ஆர்டர்கள்! பத்து, வரும் வாரங்களுக்கு உரியவை. எஞ்சிய ஒன்று அண்டை ஊரான உங்காரானில் ஏழாம் மாதக் கர்ப்பிணிக்குச் செய்யும் மித்தோனிச் சடங்குக்கு உரியது: கூம்புகள் ஏழு, சோற்றுப் பொட்டலங்கள் அறுபது. நாள், அன்று. நேரம், மாலை நான்கு மணி.

எந்திரத்தின் மேல் பழி போட்டிருக்கலாம், நிரலைக் காட்டியிருக்கலாம், தெகரும் தலை குனிந்திருப்பார். பாக் விக்னியோ எழுந்து நின்றார். “இபு, உங்க சமையல்ல ஒரு குறையும் இல்ல. உங்க வீட்டுக்கு வரவேண்டிய பதினோரு பேரையும் நான்தான் என் வாசல்ல நிறுத்தி வெச்சுட்டேன். தப்பு என்னோடது” என்று கூறித் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

இபு சுமார்னி ஒவ்வொரு வரியாகப் படித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“பாக், உங்களத் திட்டுறதுக்கு இப்ப எனக்கு நேரமில்ல. தேங்காய் துருவத் தெரியுமா?”

அன்று அலுவலகம் பூட்டப்பட்டது. அலுவலகத்தார் ஒன்பது பேரும் இபுவின் சமையலறையில் இருந்தனர். பாக் விக்னியோ, வழக்கம்போலத் தாள் துண்டுகளைத் தரையில் பரப்பி, எந்த அடுப்பில் எது, எவர் கையில் எது, எத்தனை மணிக்குள் எது என அடுக்கிவிட்டுத் தேங்காய் துருவ அமர்ந்தார். “தெகர் தம்பி, வெள்ளரிக்காய ஏன் இப்படிக் கோணலா நறுக்குறீங்க? நம்ம தளத்தையும் இந்தக் கையாலதான் செஞ்சீங்களா?” என்று இபு கேட்க, அதுவரை முகம் தொங்கியிருந்த தெகரே முதலில் சிரித்தார். ஐந்தாம் கூம்பு சாய்ந்தது, மீண்டும் நிமிர்ந்தது. நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் ஏழு கூம்புகளும் உங்காரான் வீட்டு வாசலில் இறங்கின. அவ்வீட்டார் ஒன்றும் அறியார். சோறு இன்னும் சூடாக இருக்கிறதே என்று மட்டும் வியந்தனர்.

திரும்பும் வண்டியில் தெகர் மடிக்கணினியைத் திறந்து முகவரியை மாற்ற, வண்டியோட்டியின் கைப்பேசியிலிருந்து படிவம் நிரப்பப்பட்டது. இபுவின் இடுப்பு மடிப்பில் மணி ஒலித்தது. வண்டியே கைதட்டிற்று.

“இப்பத் திட்டுங்க இபு” என்றார் பாக் விக்னியோ.

“போன் அடிக்குதுல்ல? அடிக்காத அன்னிக்கு வந்து திட்டுறேன்” என்றார் அவர். இன்றுவரை திட்ட வரவில்லை.

வாய்மையில் வழுவா வள்ளலே! அடுத்த திங்கட்கிழமை தாங்கள் பட்டியலின் தலையில் எழுதிய நாற்பத்துநான்காம் வரியை யாம் மனப்பாடமாக அறிவோம்: ‘வெளியார் ஒருவர் படிவத்தை நிரப்பி, வாடிக்கையாளரின் கைப்பேசி அவர் கையிலேயே ஒலிக்கும் வரை எவரும் கைதட்டலாகாது.’ அதன்கீழ், ‘இவ்வரிக்குக் காரணமான பிழையைச் செய்தவர்: விக்னியோ ஹர்தோனோ’ என்றும் எழுதினீர்கள். அப்பெயரை அழித்துவிட யாம் பன்முறை முயன்றோம், தாங்கள் இசையவில்லை. அதன் பயனாய், இங்கே தம் பிழையை மறைத்தவர் எவருமில்லை. முதன்முதலில் தம் பெயரைத் தங்கள் பெயருக்குக் கீழே தாமே எழுதியவர் தெகர். இன்று தங்கள் பொறுப்பை ஏற்பவரும் அவரே.

இன்று தங்கள் முன் நிமிர்ந்து நிற்கும் மஞ்சட்கூம்பு, அதே படிவத்தின் வழியே வரவழைத்தது. விழா மரபுப்படி அதன் நுனியைக் கொய்து தங்கள் கையில் தருமுன், இன்னும் ஒன்று உண்டு.

பணி நிறைவுக்குப் பின், தாங்கள் பழுதுபார்த்து வைத்துள்ள பழைய மிதிவண்டிகளில் பயணியரைப் பழைய நகர்த் தெருக்களில் அழைத்துச் செல்லப்போவதாக அறிந்தோம். தளம் வேண்டா என மறுத்தீர்கள். தங்கள் துணைவியார் மறுக்கவில்லை. தங்களுக்குத் தெரியாமல், தங்கள் வீட்டுப் பாயிலேயே, தாள் துண்டுகளை அவர் அடுக்கினார். முதல் துண்டு, ‘மூச்சு வாங்கினால் நிற்பீர்களா?’ என்பது. கோட்டுப்படம், சொற்கள், வண்ணம், நிரல் என எதனையும் முந்தாது செய்தோம். சிற்றுந்திலும் சென்று வந்தோம். படிவத்தில் இருப்பது தங்கள் எண்ணே. மூவர் தனித்தனியே பார்த்துவிட்டோம்.

நோயற்ற உடலும், நொடியாத நடையும், பஞ்சராகாத சக்கரங்களும் பெற்று, நூறாண்டு கடந்தும் தாங்களும் தங்கள் இல்லத்தாரும் இன்புற்று வாழ்க! வாழ்க!

அவையோரே, மடல் முடிந்தது. ஆயினும் எவரும் கைதட்ட வேண்டா. மூன்றாம் வரிசையில் இபு சுமார்னி தம் கைப்பேசியில் படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறார். பாக் விக்னியோ அவர்களே, சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்துக் கையில் பிடித்துக்கொள்க. மணி ஒலிக்கட்டும்.

இங்ஙனம்,
தாங்கள் வகுத்த வரிசையில் நிற்கும்
ஜெண்டெலா வலை வடிவமைப்பகப் பணியாளர்கள்,
செமாராங்