உலகாயி குழி

கோரைமேட்டுக்கு மின்கம்பம் வராத காலம். யூரியா மூட்டை மட்டும் வந்துவிட்ட காலம். அப்போது இந்த ஊரில் உலகாயி என்று ஒருத்தி இருந்தாளாம். எங்கள் அப்பாவுக்கு அத்தை முறை. பண்ணையில் மூன்று மா நிலம், ஏறக்குறைய ஒரு ஏக்கர், குத்தகை. அதுதான் அவளுக்குச் சோறு, அதுதான் அவளுக்கு ஊர்.

அந்த வருஷம் குட்டை நெல் விதை வந்தது. உலகாயியும் நட்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. இதைத் தெரிந்துகொள்ளுங்கள். அவளைப் பழைய பஞ்சாங்கம் என்று இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். பொய்.

நட்டதும் ஊருக்கு ஒரு வெறி பிடித்ததாம். எவன் வயல் அதிகப் பச்சை என்று பார்ப்பது. பக்கத்து வயல் கரும்பச்சையாகக் கருத்தால் இவன் இன்னொரு கூடை யூரியா வீசுவான். இவன் வயல் கருத்தால் அவன் வீசுவான். உலகாயி அந்தப் போட்டிக்குப் போகவில்லை. வயல் மூலையில் நான்கு நொச்சிக் குச்சி ஊன்றி, ஒரு குழி நிலத்தை, பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி, உரமில்லாமல் விட்டாள். மிச்சத்துக்குப் பண்ணை சொன்னதில் பாதி மூட்டை.

பண்ணைக் காரியக்காரர் வரப்பில் வந்து நின்றாராம்.

"ஏ உலகாயி, என்ன இது, வயலுக்குச் சொறி புடிச்சாப்ல?"

"நெல்லு நல்ல நெல்லுதாங்க. எத்தனை மூட்டை வேணும்னு மண்ணைக் கேக்குறேன்."

"மண்ணு வாயத் தொறக்குமா?"

"தொறக்கும். நீங்க கொஞ்சம் மூடுனா கேக்கும்."

அவ்வளவுதான். "சொன்ன மூட்டையைப் போடு. இல்லேன்னா அறுப்போட நிலத்தை விடு" என்றாராம்.

அவள் போடவில்லை.

கதிர் வரும் நேரம், உரம் மிஞ்சின பயிரைத் தேடி வந்து சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி இறங்கியது. கருத்த வயலெல்லாம் வட்டம் வட்டமாகத் தீய்ந்ததாம். உலகாயி வயல் அரைகுறையாகத் தப்பியது. அந்த ஒரு குழி மட்டும் வெளிறி, மெலிந்து, கதிர் தாழ்த்தி முழுசாக நின்றதாம்.

காரியக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள். பார்த்தார். நன்றாகப் பார்த்தார். "மந்திரிச்ச குச்சி ஊனியிருக்கா" என்றார். அறுப்போடு நிலத்தை மாரப்பன் என்ற இன்னொருவனுக்குக் குத்தகை மாற்றிவிட்டார். ஊர் வாய் திறக்கவில்லை. நம் ஊருக்கு அது ஒன்றும் புதிதில்லை.

உலகாயி கூலி நடவுக்குப் போனாள். மறு வருஷம் மாரப்பன் வயலிலேயே நடவு. கரையேறிப் பார்த்தால், மூலையில் நான்கு நொச்சிக் குச்சி. மாரப்பன் தலையைக் குனிந்துகொண்டு, "உன் குழியை வெச்சிருக்கேன் அக்கா" என்றானாம்.

"என் குழி இல்லடா. எண்ணிப் பாக்குற குழி" என்றாளாம் அவள்.

அன்றிலிருந்து கோரைமேட்டில் எவர் நட்டாலும் மூலையில் ஒரு குழி உரமில்லாமல் விடுகிறோம். பேர் உலகாயி குழி. இப்போது குச்சிக்கு மஞ்சள் பூசுகிறீர்கள், கற்பூரம் காட்டுகிறீர்கள். காட்டிவிட்டுத் திரும்பி நின்று, சுற்றிலும் கூடை கூடையாக வீசுகிறீர்கள். நிலம் போனாலும் பரவாயில்லை என்று அவள் நின்றது கும்பிடு வாங்கவா? கற்பூரம் இருக்கட்டும், கதிர் வந்ததும் கொஞ்சம் குனியுங்கள். உள்ளே ஒரு தூரில் எத்தனை கதிர், வெளியே எத்தனை கதிர் என்று எண்ணுங்கள். அவள் கேட்டது அவ்வளவுதான்.