ஐந்துக்கு ஒன்று

தனுஷிகா, உங்கள் மொழிபெயர்ப்பில் ஒரு சின்னப் பிழை இருக்கிறது. அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். கெனடி ரோட்டில் வேலை நடப்பதால் பஸ் பத்து நிமிடம் பிந்திவிட்டது, மன்னிக்க வேண்டும். உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் டிடெக்டிவுக்குத் தமிழ் தெரியாது. நான் ஆறுதலாகவே பேசுகிறேன், நீங்கள் வசனம் வசனமாக அவருக்குச் சொல்லிக்கொண்டு வாருங்கள்.

என் பெயர் அருள்நாயகம். வயது அறுபத்திரண்டு. வெக்ஸ்போர்ட்டில் தனியாக இருக்கிறேன். இருபத்தாறு வருடம் ஒரு மெஷின் ஷொப்பில் கடைசல் வேலை செய்தேன்.

போன செப்டம்பரில், பீற்றர்பரோவுக்கு வடக்கே ஓர் ஏரியில், பழைய ரேஸ் மோட்டார் வைத்திருப்பவர்கள் கூடும் நாளில், என் கூட்டாளி றொய்சன் ஓட்டிய படகு கவிழ்ந்தது. றொய்சன் இறந்துபோனான். எரிபொருளில் பிழையான எண்ணெய் இருந்ததாக உங்கள் ஆட்கள் கண்டுபிடித்தார்கள். கலவையைச் சொல்லிக்கொடுத்தவர் மோகனசுந்தரம். சென்னைக்காரர், அஜின்கோர்ட்டில் இருக்கிறார். மெதனோலில் பறக்கும் விளையாட்டு விமானங்களோடு முப்பது வருடம் பழகியவர். அவர் அனுப்பிய குரல் செய்தி றொய்சனின் ஃபோனில் இருந்தது.

“தம்பி, அஞ்சு பங்கு மெத்தனாலுக்கு ஒரு பங்கு விளக்கெண்ணெய் ஊத்துங்க. வேற எந்த எண்ணெயும் அதுல சேராது, பாத்துக்கங்க.”

நீங்கள் அதை விளக்கு எரிக்கும் எண்ணெய் என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டீர்கள். உங்கள் பெற்றோர் யாழ்ப்பாணத்தவர்களாக இருக்கவேண்டும். தமிழ்நாட்டில் விளக்கெண்ணெய் என்றால் ஆமணக்கெண்ணெய். சின்ன வயதில் வயிறு சுத்தமாவதற்கு மூக்கைப் பொத்திக் குடிக்கத் தருவார்களே, அதுதான். மெதனோலில் கரைகிற எண்ணெய் அது. தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ, சாமி விளக்குக்கென்று கடையில் விற்கும் கலப்பு எண்ணெயோ அதில் கரையாது. ஆக, மோகனசுந்தரம் சரியாகத்தான் சொன்னார்.

உங்கள் தாளை அவர் எனக்குக் காட்டினார். அவருடைய மனைவி அன்னம் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். மோகனசுந்தரம் குடிக்கவில்லை. “நான் சரியாத்தான சார் சொன்னேன்? நீங்களே சொல்லுங்க, சரியாத்தான சொன்னேன்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஏழு கிலோ மெலிந்துவிட்டார். ஒருவர் செய்த வேலைக்கு இன்னொருவர் பெயர் போடப்படுவது எனக்கு எப்போதுமே ஒவ்வாது.

மோட்டாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஐம்பதுகளில் இந்த நாட்டுக் குடும்பங்கள் மீன் பிடிக்கவும் கொட்டேஜுக்குப் போகவும் படகின் பின்னால் பூட்டும் மோட்டார்களை வாங்கின. அவற்றைச் செய்த கம்பனிகள் பந்தயத்துக்கென்று இன்னொரு வகையும் செய்தன. அதற்குக் கியர் இல்லை. சைலன்சர் இல்லை. பின்னுக்குப் போகத் தெரியாது. கயிற்றை இழுத்த கணத்தில் இருந்து முன்னுக்கு மட்டும்தான். ஒரு கதவளவு பலகைப் படகில் ஓட்டுபவன் முழங்காலில் இருப்பான். நம்முடைய எக்ஸிபிஷன் மைதானத்துக்கு முன்னால் உள்ள ஏரியிலும் அந்தக் காலத்தில் படகு ஓட்டங்கள் நடந்திருக்கின்றன. லைப்ரரியில் பழைய பத்திரிகைகளை எடுத்துப் பார்ப்பேன். ஓட்டியவனின் பெயர் இருக்கும், அவன் தலைமயிர் காற்றில் நிற்கும் படம் இருக்கும். மோட்டாரை அமைத்தவன் எங்கேயோ ஒரு கொட்டிலில் கை கழுவிக்கொண்டிருந்திருப்பான்.

எங்களுடையது நாலு சிலிண்டர். மஸ்கோக்காவில் ஒரு படகுக் கொட்டிலில், அணில் கூடு கட்டிய நிலையில் கிடந்தது. நானும் றொய்சனும் சேர்ந்து வாங்கினோம். அவனுக்கு நாற்பத்து நாலு வயது, மயிலிட்டிப் பக்கம், ட்ரக் ஓட்டுகிறவன், நல்ல பகிடிக்காரன். டோர்செட் பார்க் பக்கம் ஒரு கராஜை வாடகைக்கு எடுத்தோம். அவன் சனிக்கிழமைகளில் வந்து பாட்டுப் போட்டுக் கதைத்துக்கொண்டிருப்பான். ஒன்பது வருடம் வேலை செய்தது நான். பிஸ்டன்களை நானே கடைந்தேன். ஒரு பிஸ்டனுக்கு நாலு மாதம் போனது. அந்த மோட்டார் முழுத் திறப்பில் போகும்போது படகில் நான் முழங்காலில் இருக்கவேண்டும். என் வாழ்க்கையில் நான் கேட்டது அது ஒன்றுதான்.

போன வசந்தத்தில் படகோட்டக் கிளப்காரர்கள் மருத்துவச் சான்றிதழ் கேட்டார்கள். எனக்கு வலது கண்ணில் பிரஷர். பக்கவாட்டில் இருந்து வருவது தெரியாது. ஓட்ட முடியாது என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். மரியாதையான கடிதம்.

“அதுக்கென்ன அண்ணை,” என்றான் றொய்சன். “நான் ஓட்டுறன். நீங்கள் கரையில நிண்டு கையைத் தட்டுங்கோ. சத்தத்தைக் கேக்கக் கண் என்னத்துக்கு?”

நான் சிரித்தேன். அவன் மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. பிறகு ஓட்டத்துக்கான நிகழ்ச்சித் தாள் அச்சாகி வந்தது. உரிமையாளர், அமைத்தவர், ஓட்டுபவர் என்று மூன்று கட்டங்கள். மூன்றிலும் அவன் பெயர். கேட்டேன்.

“ஒரே பேரா நிரப்பினா லேசு அண்ணை. ஆர் வாசிக்கப்போறாங்கள் உதை?”

இதை நான் காரணமாகச் சொல்லவில்லை. நடந்ததை ஒழுங்காகச் சொல்லவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஜூன் மாதம் ஒருநாள் மோகனசுந்தரம் கராஜுக்கு வந்திருந்தார். அவருடைய மருமகன் ஆதித்யாவைத் திட்டிக்கொண்டிருந்தார். “சரியான விளக்கெண்ணெய் சார் அவன். கம்ப்யூட்டர்ல டாக்டர் பட்டம், ஒரு ஸ்க்ரூ திருகத் தெரியாது.”

றொய்சன் சிரித்தான். “அங்கிள், நீங்கள் அவரைப் புகழுறியளோ ஏசுறியளோ? விளக்கெண்ணெய் நல்ல சாமான்தானே. கோயில் விளக்குக்கு ஊத்துறதெல்லோ?”

“உங்க ஊர்ல எப்படியோ, எங்க ஊர்ல அது திட்டுதான் தம்பி,” என்றார் அவர். இருவரும் சிரித்தார்கள். நான் கார்புரேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரே சொல் இரண்டு காதுகளில் இரண்டு எண்ணெயாக விழுந்ததை அங்கே கவனித்தவன் நான் மட்டும்தான். நான் திருத்தவில்லை. அந்த நேரத்தில் அது ஒரு விஷயமாகவே படவில்லை.

கலவை செய்வது எப்போதும் என் வேலை. இந்த மோட்டாருக்குத் தனியாக எண்ணெய் இல்லை, எரிபொருளோடு கலந்து போகும் எண்ணெய்தான் உள்ளே உராய்ந்து இறுகாமல் காக்கும். பழைய ஓட்டக்காரர்கள் தங்கள் கலவையை மனைவிக்கும் சொல்லமாட்டார்களாம். நானும் அப்படித்தான். பெயர் ஒட்டாத ஒரு கானில் கலந்து கொண்டுவருவேன், றொய்சன் ஊற்றுவான். என்ன எண்ணெய் என்று அவன் கேட்டதில்லை. அவன் சிறுவனாக இருந்தபோது யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓடியதையும், எஞ்சினுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டதையும் பார்த்து வளர்ந்தவன். எஞ்சினுக்குள் எந்த எண்ணெயை ஊற்றச் சொன்னாலும் அவனுக்கு அதிசயமாக இருக்காது. இங்கே பிறந்த ஒருவன் என்றால் இரண்டு தரம் யோசித்திருப்பான்.

ஓட்டத்துக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை, எனக்குக் கண் ஆஸ்பத்திரி. அது உண்மை, நீங்கள் பதிவைப் பார்க்கலாம். அந்த நாளை மூன்று மாதத்துக்கு முன்பே கேட்டு எடுத்திருந்தேன். “எனக்கு வரேலாது. மோகனசுந்தரத்திட்டக் கேட்டு நீயே கல,” என்று றொய்சனிடம் சொன்னேன். மோகனசுந்தரத்திடம், அவனுக்கு ஆங்கிலப் பெயர்கள் பிடிபடாது, தமிழிலேயே சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். கராஜில் இருந்த ஆமணக்கெண்ணெய்க் கானை வீட்டுக்குக் கொண்டுபோய் நிலவறையில் வைத்தேன்.

வெள்ளி பின்னேரம் ஆஸ்பத்திரியில் கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டு இருந்தபோது அவன் அழைத்தான்.

“அண்ணை, லோறன்ஸ் ரோட்டுக் கடையில நிக்கிறன். விளக்கெண்ணெய் மூண்டு போத்தல்தான் கிடக்கு. நவராத்திரி வருதெண்டு அன்ரியாக்கள் அள்ளிக்கொண்டு போட்டினம். காணுமோ?”

“மெதனோல் எவ்வளவு எண்டு பார்த்து அஞ்சால பிரி,” என்றேன்.

“அப்ப காணும். சாமிக்கு வாங்கிற எண்ணெயில ஓடப்போறம், வெல்லாம விடுவமே?”

நல்ல மனநிலையில் இருந்தான்.

ஜூலையிலேயே நான் அதைச் சோதித்துப் பார்த்திருந்தேன். அதே கடை, அதே போத்தல், ஒரு ஜாம் போத்தலில் ஐந்துக்கு ஒன்று. நன்றாகக் குலுக்கினால் பால்போல வரும். மேசையில் வைத்தால் ஏழு நிமிடத்தில் எண்ணெய் முழுவதும் கீழே இறங்கிவிடும், மேலே தண்ணீர்போல வெறும் மெதனோல் நிற்கும். அழகான காட்சி. பல தடவை குலுக்கிப் பார்த்தேன். படகு ஆடும்போது மறுபடி கலக்காதா என்று டிடெக்டிவ் கேட்கலாம். கொஞ்சம் கலக்கும். போதாது. ஆனால் டாங்கில் எரிபொருளை உறிஞ்சும் குழாய் அடிவரைக்கும் போகும். அடியில் இருக்கும் எண்ணெயை அது முதலில் இழுத்துவிட்டால் மோட்டார் புகைத்து நின்றுவிடும், றொய்சன் துடுப்பால் வலித்துக்கொண்டு கரைக்கு வந்து பகிடி விட்டுக்கொண்டிருப்பான். ஆகவே மேலே நிற்கும் வெறும் மெதனோலை மட்டும் இழுக்கும்படி, வியாழக்கிழமை அந்தக் குழாயை மூன்று அங்குலம் குறைத்தேன். வெட்டிய முனையை அரத்தால் ராவி மினுக்கினேன். ஒரு வேலையை அரைகுறையாக விடுவது என் பழக்கம் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் நான் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தேன். நல்ல வெயில், ஏரி அசையாமல் கிடந்தது. முன்னைய ஓட்டம் பிந்தியதால் எங்கள் படகு இருபது நிமிடம் மேடையோடு கட்டிக் கிடந்தது. றொய்சன் ஹெல்மெட்டோடு நிலாணிக்குப் படம் எடுத்து அனுப்பினான். நிலாணி அவன் மனைவி, அன்று வேலை. பிறகு கொடி காட்டினார்கள். அவன் கயிற்றை இழுத்தான். முதல் இழுவையிலேயே பிடித்தது. ஒன்பது வருடம், தனுஷிகா. முதல் இழுவையிலேயே.

எனக்குப் பக்கத்தில் ஒரு கிழட்டு வெள்ளைக்காரர் மடக்குக் கதிரையில் இருந்தார். இந்த மோட்டார்கள் போகும்போது எரிந்த ஆமணக்கெண்ணெய் வாசம் வரும். இனிப்பான வாசம். அதற்காகவே வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர் மூக்கை உயர்த்திப் பார்த்துவிட்டு, வாசத்தைக் காணோமே என்று என்னிடம் கேட்டார். படகு அப்போதுதான் முதல் சுற்றின் பாதியில் இருந்தது. கரையில் ஓட்டத்தை நிறுத்தும் சிவப்புக் கொடியோடு ஒருவர் நின்றார், என்னிடமிருந்து பதினைந்து அடி இருக்கும். காற்று அந்தப் பக்கம் போகிறது என்று கிழவரிடம் சொன்னேன்.

எண்ணெய் இல்லாத எஞ்சின் இறுகுவதற்குச் சற்று முன்னால் அதன் சத்தம் மிகவும் சுத்தமாகும். ஒரு கம்பியை இழுத்து மீட்டுவதுபோல. இரண்டாவது சுற்றில், தூரத்து நேர்பாதையில், அந்தச் சத்தம் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். கேட்கக் கண் தேவையில்லை என்று அவன் சொன்னது சரிதான். இறுகினால் ப்ரொபெல்லர் நிற்கும். படகு நிற்காது. மூக்கு தண்ணீரில் குத்தும், அவ்வளவுதான். நான் கண்ணைத் திறந்தபோது ஏரியில் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் இருந்தது, மீட்புப் படகு அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

மோகனசுந்தரத்துக்கு இதில் ஒரு பங்கும் இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். யோசித்தது, சோதித்தது, குழாயை வெட்டியது எல்லாம் நான்தான். எழுத்துக்கூட்டல் சரியாக இருக்கவேண்டும்: அருள்நாயகம்.

ஆனால் நான் அவனை ஏமாற்றினேன் என்று மட்டும் எழுதவேண்டாம். படகை மேடையோடு கட்டியவுடன் அவன் டாங்கைக் குலுக்கி, மூடியைத் திறந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். “அண்ணை, இஞ்ச வாங்கோ ஒருக்கா. தேங்காய்ப்பால் மாதிரி வெள்ளையாக் கிடக்கு. உது சரிதானே?”

நான் குனிந்து பார்த்தேன். “குலுக்கினா வெள்ளையாத்தான் வரும்,” என்றேன்.

“ஓம், நீங்கள் சொன்னாச் சரி,” என்று மூடியை இறுக்கினான்.

அது உண்மை. குலுக்கினால் வெள்ளையாகத்தான் வரும். றொய்சனிடம் நான் ஒருநாளும் ஒரு பொய் சொன்னதில்லை. செத்தவீட்டில் நிலாணி என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவர் ஒருத்தற்ர சொல்லும் கேக்கமாட்டார் அண்ணை, உங்கட சொல் ஒண்டைத் தவிர,” என்று அழுதாள். அன்றிரவு நான் நன்றாக நித்திரை கொண்டேன். கடைசிவரை அவன் நம்பிய ஆளாகவே இருந்திருக்கிறேன்.