நான்காவது கை

நீங்கள் கொடுத்த டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான். பரவாயில்லை இன்ஸ்பெக்டர், உட்காருங்கள், சொல்கிறேன்.

கார் பந்தயம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். எங்களுக்கு வெள்ளிக்கிழமையே தொடங்கிவிடும். அன்று ஒத்திகை ஓட்டம். சனிக்கிழமை, யார் முன்னால் நிற்பது என்று முடிவு செய்யும் ஓட்டம். அது முடிந்ததும் அதிகாரிகள் வண்டிக்கு சீல் வைத்துவிடுவார்கள். பந்தயம் வரை யாரும் கை வைக்க முடியாது. உங்கள் ஆட்கள் அந்த சீலைப் பார்த்து மண்டையை உடைத்துக்கொண்டது வீண் வேலை. அது பத்திரமாகத்தான் இருந்தது.

வண்டி ஓட்டியவர் என் தங்கையின் கணவர். பின்பக்க இடது சக்கரம் என் பொறுப்பு. அவரை இந்த அணியில் சேர்த்துவிட்டதே நான்தான், முதலாளியின் காலில் விழாத குறையாக. வெள்ளிக்கிழமை மதியம் அவர் லாரிகளுக்குப் பின்னால் எதிரணி மேனேஜரிடம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

"என்ன மாப்ளே, ரகசியம்?" என்றேன்.

"ஒண்ணுமில்ல மச்சான், வெயிலப் பத்திப் பேசிட்டிருந்தோம்."

வெயிலைப் பற்றி யாராவது கிசுகிசுப்பார்களா? மறுநாள் தங்கைக்கு ஃபோன் செய்தேன். "அண்ணா, உங்ககிட்ட இப்போ சொல்லக் கூடாதுன்னாரு. திங்கக்கிழமை நாங்களே சொல்றோம்" என்று சிரித்தாள். ஆக, அவளுக்கும் தெரியும். என்னைக் கழற்றிவிட்டு எதிரணிக்குப் போகப் போகிறார். ஏறி முடிந்ததும் ஏணியை உதைக்கிற ஜாதி. எனக்கு வயிறு எரிந்தது, அதை உங்களிடம் மறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தின் நடுவே சக்கரம் மாற்ற வண்டி வந்து நின்றது. நான்கு சக்கரத்துக்கு நான்கு பேர். நட்டை முடுக்கியவன் கையைத் தூக்க வேண்டும். நான்கு கையும் தெரிந்தால் வண்டியை விட்டுவிடுவார்கள். நட்டை மறுபடி பார்க்க யாருக்கும் நேரமில்லை, கையைத்தான் நம்புவார்கள். மற்ற மூன்றும் உயர்ந்திருந்தன. நான் பாதி முடுக்கிவிட்டுக் கையைத் தூக்கினேன்.

கொஞ்ச நேரத்தில் ரேடியோவில் அவர் குரல் வந்தது. "பின்னாடி ஆடுது. மச்சான்கிட்ட கேளுங்க, சக்கரம் சரியா இருக்கான்னு."

இன்ஜினியர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "மச்சான் சரின்னுட்டாரு" என்று இவர் சொல்ல, "அப்ப சரி" என்று அவர் வேகத்தைக் கூட்டினார். அடுத்த வளைவில் சக்கரம் தனியாக ஓடியது. வண்டி சுவரில் போய் மோதியது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை என் தோளில் சாய்ந்து அழுதபடி சொன்னாள். அதுதான் அவருடைய கடைசிப் பந்தயமாம். விலகுவதற்குள், எதிரணியில் எனக்குத் தலைமை மெக்கானிக் வேலை கேட்டுக்கொண்டிருந்தாராம்.

நல்ல மனிதர்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வீட்டு ஆளிடம் எதற்கு ஒளிவு மறைவு? வெள்ளிக்கிழமையே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்று உயிரோடு இருப்பார். தங்கையிடமும் இதைத்தான் சொல்லப் போகிறேன். அவர் செய்த தப்புக்கு அவள் என்மேல் கோபப்பட மாட்டாள்.