அடுன்னிக்குத் தைத்த சட்டைகள்

பின்னேரம் நாலரை மணி. டிசம்பர் மாதம். லண்டனில் அந்த நேரத்தைப் பின்னேரம் என்று சொல்லக் கூடாது... இருட்டிவிடும்.

மிச்சம் என்கிற இடத்தில் ட்ராமால் இறங்கி வர, கொமன் என்கிற பொதுப் புல்வெளியின் ஓரமாக ஒரு ஒற்றைப் பாதை. ஒரு பக்கம் தண்டவாள வேலி. மறுபக்கம் பற்றை. பாதி விளக்குகள் எரிவதில்லை.

அந்தப் பாதையில் மிதுஷா தனியாக வந்துகொண்டிருந்தாள். பன்னிரண்டு வயது. நம் கூட்டாளி யோகராஜாவின் மச்சாள் பாலாம்பிகை இருக்கிறாளே, தையற்கடை வைத்திருப்பவள்... அவளுடைய ஒரே பிள்ளை.

பின்னால் ஒரு சத்தம். காலடி இல்லை. கண்ணாடி மணிகள் ஒன்றோடொன்று தட்டுகிற சத்தம். டிக்... டிக்டிக்... மிதுஷா நின்றாள். அதுவும் நின்றது. ஈர மண் மணம். அதற்கு மேலே, புதுத் துணியின் சாய மணம்.

திரும்பிப் பார்த்த பிள்ளை பயப்படவில்லை. வந்து தாயிடம் சொன்னாள்:

“அம்மா, மொரெனிக்கே அன்ரியின்ர மகள் வந்திட்டாள். நீங்கள் தைச்ச நீலச் சட்டைதான் போட்டிருக்கிறாள். பின்னல் முழுக்க மணி. ஹலோ சொன்னன், ஒண்டும் கதைக்கேல்லை.”

பாலாம்பிகைக்குச் சந்தோஷம்.

மொரெனிக்கே நைஜீரியாக்காரி. பகலில் துப்புரவு வேலை, இரவில் முதியோர் இல்லத்தில் ஷிப்ட். அந்தச் சம்பளத்தில் இரண்டு தங்கைகளைத் தாதி வேலைக்குப் படிப்பித்தவள். களைப்பு என்று அவள் வாயால் வந்ததே இல்லை. கடைக்கு வந்தால் முதுகை நிமிர்த்தி உட்காருவாள். நெடுநேரம் பேசாமல் இருப்பாள். பாலாம்பிகையும் பேச மாட்டாள். மெஷின் மட்டும் ஓடும்.

வருடம் ஒருமுறை, ஊரில் இருக்கிற மகள் அடுன்னிக்கு ஒரு சட்டை. பிள்ளை கிட்ட இல்லை, அளவுக்கு எங்கே போவது? மிதுஷாவும் அவளும் ஒரே வயது. மிதுஷாவை நிறுத்தி அளந்தார்கள். கொஞ்சம் பெரிதாகவே வெட்டச் சொல்வாள் மொரெனிக்கே. கப்பலில் போய்ச் சேர்வதற்குள் வளர்ந்துவிடுவாளாம்.

அடுத்த நாள் அவள் வந்ததும், மகள் வந்ததை ஏன் சொல்லவில்லை என்று பாலாம்பிகை செல்லமாகக் கோபித்தாள்.

மொரெனிக்கே எட்டித் துணியைப் பிடித்தாள். மெஷின் நின்றது. உள்ளதைச் சொன்னாள்.

அடுன்னி நாலு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். தாய்தான் காரணம் என்று புருஷன் வீட்டார் வெளியே தள்ளினார்கள். அதற்குப் பிறகுதான் லண்டன். சட்டைகள் எதுவும் கப்பலில் போகவில்லை. மொரெனிக்கேயின் அலுமாரியில் தொங்குகின்றன. ஒரு சட்டை முடிந்தால் அடுத்தது என்று, அதைப் பிடித்துக்கொண்டுதான் எழும்பி வேலைக்குப் போனாளாம்.

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“தொங்கவிட்ட சட்டைகளின் கீழ் விளிம்பில் சேறு இருக்கும். அக்குளில் வியர்வை இருக்கும். நான் தோய்த்து மறுபடி தொங்கவிடுவேன்.”

பாலாம்பிகைக்கு வேறொன்று நினைவு வந்தது. செப்டம்பரில் அளவாக எடுத்த பள்ளிக்கூடக் கோட், இப்போது மிதுஷாவின் விரல் நுனியையும் மூடுகிறது. “தையற்காரி, பெத்த பிள்ளையின்ர அளவு தெரியாதோ?” என்று யோகராஜா கூட நக்கலடித்திருந்தான். டாக்டர் இரத்தம் சோதித்து, ஒன்றுமில்லை என்றார்.

அன்றிரவு தூங்குகிற பிள்ளையின் தோளில் டேப்பைப் பிடித்தாள். தையற்காரியின் கைக்கு அளவு மறக்காது. போன வருடத்தை விடக் குறைவு.

மிதுஷாவின் அளவில் இனித் தைக்க மாட்டேன் என்று மொரெனிக்கேயிடம் சொன்னாள். மொரெனிக்கே தலையாட்டினாள். கதவு வரை போய்த் திரும்பினாள்.

“நான் நிறுத்திவிடுகிறேன். அவளுக்கு யார் சொல்வது?”

நிறுத்தினார்கள். மணிச் சத்தம் நிற்கவில்லை. பாதையில் கேட்டது, பிறகு கடை வாசலில் கேட்டது. மிதுஷாவுக்கு எட்டிக்கொண்டிருந்த லைட் சுவிட்ச், இப்போது நுனிக்காலில் நின்றாலும் எட்டவில்லை.

மொரெனிக்கேயே துணியோடு வந்தாள். தன்னை அளந்து தைக்கச் சொன்னாள். தைத்தார்கள். அந்தச் சட்டை அலுமாரியில் ஒரு சுருக்கம் விழாமல் அப்படியே தொங்கியது. அடுன்னி அதைத் தொடவில்லை. அவளுக்கு இந்த வீட்டு உடம்புதான் பழகியிருந்தது.

பாலாம்பிகை கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். கையை அகட்டினாள்.

“என்னில அளவெடு.”

வேண்டாம் என்றாள் மொரெனிக்கே.

“நீயெண்டாச் செய்யமாட்டியோ?”

மொரெனிக்கே டேப்பை எடுத்தாள்.

மிதுஷா கிடுகிடுவென்று வளர்ந்தாள். மணிச் சத்தம் அடங்கிவிட்டது. மொரெனிக்கே இப்போது கடைக்கு வந்தால் கண்ணைப் பார்ப்பதில்லை. ஒருநாள் மட்டும் தானாகச் சொன்னாள்: விடிய ஷிப்ட் முடிந்து போனால் அறையில் விளக்கு எரிகிறதாம். யாரோ மிளகாய் வதக்குகிற மணமாம். சாப்பாடு மூடி வைத்திருக்கிறதாம்.

சொல்லும்போது அவள் அழுதாள். அவள் அழுது பாலாம்பிகை கண்டது அன்றுதான். கிட்டப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

போன கிழமை விம்பிள்டனில் ஒரு சப்பாத்துக் கடையில் யோகராஜா மச்சாளைக் கண்டிருக்கிறான். கூப்பிட வாயெடுத்தவன், கூப்பிடவில்லை. பாலாம்பிகை பிள்ளைகளுக்கான பகுதியில், சிறுவர்கள் குந்துகிற குட்டி வாங்குப் பலகையில் இருந்தாளாம். விற்பனைப் பெண் முன்னால் முழங்காலில் இருந்து சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தாளாம்.

அந்தக் குட்டி வாங்கில் இருந்தும்... மச்சாளின் கால் நிலத்தில் முட்டவில்லையாம்.