ஏணியை எடுத்தவன்

கம்ப்யூட்டரில் எனக்கு இரண்டு காரியம்தான் தெரியும், மேடம். திறக்கத் தெரியும், மூடத் தெரியும். போன வியாழக்கிழமை மூன்றாவதாக ஒன்றைச் செய்தேன். அதற்காகத்தான் என் மனைவி தங்கலட்சுமி உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தாள்.

அவள் கொடுத்த புகாரில் இரண்டே வரிதானாம். "என் வீட்டுக்காரர் சண்முகவேல் ஏணியை எடுத்துவிட்டு என் மகள் மாரிக்கனியைக் கொன்றுவிட்டார். நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்." ஏட்டையா பதறிப்போய் விசாரித்திருக்கிறார். லேப்டாப்பில் ஓடுகிற விளையாட்டு என்று தெரிந்ததும் அவளை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டு எனக்குப் போன் போட்டார். "அண்ணே, அக்காவ நல்ல டாக்டர்ட்ட காட்டுங்கண்ணே. புள்ள போன ஏக்கம், வேற ஒண்ணுமில்ல" என்றார். தங்கமான மனிதர், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. எனக்குப் பேசினால் கோர்வையாக வராது. அதனால் கனியின் நோட்டில் மிச்சமிருந்த தாளில் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன்.

எங்கள் ஊரில் பஞ்சாயத்துத் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை என்னுடையது. ஆறு தெரு, தெருவுக்கு இருபது நிமிஷம். வேண்டியவன் தெரு, வேண்டாதவன் தெரு என்று கூடவும் விட்டதில்லை, குறையவும் விட்டதில்லை. பதினோரு வருஷத்தில் என் மேல் ஒரு புகார் கிடையாது. தங்கலட்சுமி கொடுத்ததுதான் முதல் புகார்.

அந்த லேப்டாப், திருப்பூரில் இருக்கிற என் மச்சினன் இன்பராஜ் கனிக்குக் கொடுத்தது. அவள் அப்போது பிளஸ் டூ. அதில் ஒரு விளையாட்டு வைத்திருந்தாள். ஒரு வீட்டைக் கட்டி, ஆட்களைக் குடிவைத்து, அவர்களைச் சாப்பிடவைத்து, குளிக்கவைத்து, வேலைக்கு அனுப்ப வேண்டும். வீட்டில் இதைத்தானே நாளெல்லாம் செய்கிறோம், இதற்கு ஒரு மெஷினா என்று கேட்டேன். அந்த வீட்டில் எங்கள் மூன்று பேரையும் குடிவைத்திருந்தாள். எனக்குக் கோட்டு மாட்டிவிட்டு, மீசையைக் கொஞ்சம் பெரிதாக வைத்திருந்தாள். வாசலில் ஒரு நீச்சல் குளம். ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு சின்ன முகம் இருக்கும். சந்தோஷமாக இருந்தால் பச்சை, வாடினால் மஞ்சள், ரொம்ப வாடினால் சிவப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, அதில் எப்படியெல்லாம் சாகலாம் என்று சொன்னாள்.

"சிரிச்சே செத்துப் போலாம்ப்பா. ரொம்ப சந்தோஷமா இருக்கையில ஜோக்கு சொல்லிட்டே இருந்தா பொத்துனு விழுந்துரும்."

"நல்ல சாவுதான் தாயி."

"வெக்கத்துலயும் சாகலாம். எல்லார் முன்னாடியும் மானம் போச்சுன்னா அவ்வளவுதான்."

"அது நம்ம பக்கம் ஏற்கெனவே இருக்கு" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். ராத்திரி நட்சத்திரம் பார்த்துக்கொண்டே நின்றால் வானத்திலிருந்து ஏதோ வந்து விழுந்து நசுக்கிவிடுமாம். சுவருக்குள் மடங்குகிற கட்டில் ஆளோடு சேர்த்து மடங்கிவிடுமாம். ஒரு செடி இருக்கிறது, பசியெடுத்தால் ஆளையே விழுங்கிவிடும். "ஆட்டுக்கு நேர் எதிரு" என்றாள்.

பிறகு கோட்டு போட்ட என்னைக் குளத்தில் இறக்கிவிட்டு, சுத்தியல் படத்தைத் தொட்டு, ஏணியை இழுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள். நான் சுற்றிச் சுற்றி நீந்தினேன். கரை கைக்கெட்டுகிற தூரத்தில்தான் இருந்தது.

"கூறுகெட்டவனா இருக்கானே. கையூனி ஏற வேண்டியதுதானே."

"அதுகளுக்குத் தெரியாதுப்பா. ஏணி மட்டுந்தான் வழி."

நான் செத்தேன். குளத்தோரம் ஒரு சின்னக் கல்லறை முளைத்தது. கனி சிரித்துக்கொண்டே அதை மூடித் திறந்தாள். மறுபடியும் கோட்டும் மீசையுமாக நின்றேன். "சேவ் பண்ணாம மூடுனா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஆயிரும்ப்பா" என்றாள்.

இனி எங்கள் புஞ்சையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்றேகால் ஏக்கர் மானாவாரி. எம்.ரெட்டியபட்டி ரோட்டிலிருந்து மேற்கே இறங்கினால் வரும். அதில் ஒரு பண்ணைக்குட்டை. தண்ணீர் நிற்காத பூமி என்பதால் அடியிலிருந்து கரை வரைக்கும் கருப்புப் பிளாஸ்டிக் சீட்டு விரித்திருந்தது. நாலு பக்கமும் சரிவு. காய்ந்து கிடக்கும்போது நடந்து ஏறலாம். நனைந்து பாசி பிடித்துவிட்டால் ஓணான்கூட ஏற முடியாது. அதனால் வேலிக்கருவைக் கம்பு வைத்து ஒரு கயிற்றேணி கட்டி, கிழக்குக் கரை வேம்பிலிருந்து தொங்கவிட்டிருந்தேன்.

ஐப்பசி மழைக்குக் குட்டை நிறைந்ததும் ஊர்ப் பையன்கள் குதிக்க வந்துவிடுவார்கள். முந்தின வருஷம் அவர்கள் மிதித்துச் சீட்டு கிழிந்து, எட்டே நாளில் தண்ணீர் இறங்கிப்போய், மிளகாய்ச் செடி பூவோடு காய்ந்தது. பெற்றவர்களிடம் சொன்னேன். "சின்னப் புள்ளைகதானே அண்ணே, குளிச்சிட்டுப் போகுதுக" என்றார்கள். சரி என்று வந்துவிட்டேன். நான் யாரிடமும் சத்தம் போடுகிற ஆள் இல்லை. போன வருஷம் கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஏணியை அவிழ்த்துப் புஞ்சைக் கொட்டகைக்குள் வைத்தேன். பிள்ளைகள் இறங்கக் கூடாது என்கிற நல்லெண்ணத்தில்தான் வைத்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் மார்க்கு குறைந்திருந்தது. தங்கலட்சுமி அன்று காலையில் கனியை வைதாள். "எந்நேரமும் அந்தப் பொம்மைகளுக்குச் சோறு போட்டுட்டு இரு. நீ உருப்பட மாட்ட" என்றாள். கனி ஆட்டைப் பத்திக்கொண்டு புஞ்சைக்கு வந்தாள். அன்று மத்தியானம் குட்டையில் கிடந்தாள்.

உங்கள் காகிதத்தில் தவறி விழுந்து இறந்ததாக இருக்கிறது. ஊர் அப்படிச் சொல்லவில்லை. நீச்சல் தெரிந்த பிள்ளை, கிணற்றில் நான்தான் பழக்கிவிட்டேன். ஏணி வேறு பக்கத்திலேயே தொங்குகிறது. பிடித்து ஏறாமல் போயிருக்கிறாள் என்றால் என்ன அர்த்தம். காலையில் அம்மாக்காரி வைத வார்த்தை மூன்று வீட்டுக்குக் கேட்டிருக்கிறது. எழவுக்கு வந்தவர்கள் அவளைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, வெளியே போய் வேறு பேசினார்கள். அவளுக்கு எல்லாம் காதில் விழுந்தது.

முப்பதாம் நாள் காரியம் கழித்து அவள் லேப்டாப்பைத் திறந்தாள். உள்ளே கனி உட்கார்ந்திருந்தாள். அதிலிருந்து தங்கலட்சுமிக்கு வேறு வீடு இல்லை. அங்கேதான் கனியை எழுப்பினாள், பள்ளிக்கூடம் அனுப்பினாள், சாப்பிடவைத்தாள். "எப்பப் பாரு ரொட்டியே திங்கிறா, ஒரு வாய் சோறு இல்ல" என்று குறைப்பட்டாள். இங்கே அடுப்பு பற்றவைப்பது என் வேலையாகிவிட்டது. அவள் தட்டை நான் வைத்தபடியே எடுப்பேன்.

தினமும் ஒரு தடவை கனியைக் குளத்தில் இறக்கிவிட்டுப் பார்ப்பாள். கனி நீந்திவிட்டு ஏணியைப் பிடித்து ஏறி வருவாள். தலைக்கு மேல் முகம் பச்சையாக இருக்கும்.

"இந்தா பாருங்க, ஏறிட்டா. நேத்தும் ஏறுனா. முந்தா நேத்தும் ஏறுனா. அன்னைக்கு மட்டும் ஏன் ஏறல? நான் வஞ்சதாலதானே?"

ஒரு வருஷம் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

போன திங்கட்கிழமை அவள் வேறு ஒன்று கேட்டாள். "ஏங்க, இதுல அந்த ஏணிய எடுக்க முடியுமா?"

"முடியாது" என்றேன்.

அவள் யோசனை ஏணிப் பக்கம் போவதற்குள் கனியை அந்த வீட்டிலிருந்து அனுப்பிவிட வேண்டும் என்று தோன்றியது. தங்கலட்சுமி பிழைக்கட்டும், ஒரு வாய் சாப்பிடட்டும் என்றுதான் நினைத்தேன். வியாழக்கிழமை காலையில் அவள் ரேஷன் கடைக்குப் போனதும் லேப்டாப்பைத் திறந்தேன். முதலில் சிரிக்கவைத்துக் கொல்லத்தான் பார்த்தேன், மேடம். அதை நம்புங்கள். தங்கலட்சுமி செய்வதைப் பார்த்திருந்தபடி, கோட்டு போட்ட என்னைக் கனியிடம் அனுப்பி, ஜோக்கு சொல்லவைத்தேன். திரும்பத் திரும்பச் சொல்லவைத்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சாகவில்லை. பிறகு எனக்குத் தெரிந்த வழியில் செய்தேன். குளத்தில் இறக்கி, சுத்தியலைத் தொட்டு, ஏணியை இழுத்துப் போட்டேன். பச்சை, மஞ்சள், சிவப்பு. முடிந்ததும் சேவ் பண்ணினேன், பண்ணாமல் விட்டால் மூடித் திறக்கும்போது திரும்ப வந்துவிடுவாள் என்று.

அதற்கப்புறம் ஏணியைத் திரும்ப வைக்க வேண்டும். அதுதான் எனக்குத் தெரியவில்லை. எடுக்கத்தான் கனி சொல்லிக் கொடுத்திருந்தாள், வைக்கச் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கெங்கோ தொட்டுப் பார்த்தேன், வரவில்லை. தங்கலட்சுமி அரிசிப் பையோடு உள்ளே வந்துவிட்டாள்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கல்லறையைப் பார்த்தாள். குளத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு லேப்டாப்பை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏணி எங்க?"

அவ்வளவுதான் கேட்டாள். பையை இறக்கி வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள். அவள் உங்களிடம் கொடுத்தது பைத்தியக்காரப் புகார் இல்லை, மேடம். அதில் இருக்கிற ஒவ்வொரு எழுத்தும் உண்மை.

கனி போன அன்று நான் குட்டைக்குப் போகும்போது ஏணி என் தோளில் இருந்தது. மேற்குக் கரையில் ஒரு வெள்ளாட்டுக்குட்டி முழுக்க நனைந்து நடுங்கிக்கொண்டு நின்றது. கனி அதற்காகத்தான் இறங்கியிருக்கிறாள். குட்டி விழுந்ததைப் பார்த்தவள், எதிர்க்கரையில் ஏணி தொங்குகிறதா என்று பார்த்துவிட்டா இறங்குவாள். குட்டியைத் தூக்கி மேலே எறிந்திருக்கிறாள். பாசியில் அவள் விரல் இழுத்த கோடு நாலைந்து இடத்தில் இருந்தது. ஏணியை அங்கேயே ஒரு கருவைத் தூரில் மாட்டி, உள்ளே இறங்கி அவளை இழுத்து மேலே போட்டேன். உடம்பில் சூடு இருந்தது, மூச்சு இல்லை. மடியில் போட்டு உலுக்கினேன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, ஏணியைக் கழற்றி வேம்பில் பழைய இடத்தில் கட்டினேன். தண்ணீரை அள்ளி ஊற்றிப் பாசியில் இருந்த கோடுகளைக் கழுவினேன். குட்டியை மந்தைக்குள் விரட்டிவிட்டேன், வெயிலில் காய்ந்துவிட்டது. அதற்கப்புறம்தான் ஊரைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

கனி சாக நினைக்கவில்லை. அம்மா வைததற்காகச் சாகவில்லை. தங்கலட்சுமிக்கு இதுதான் தெரிய வேண்டும். நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதுவரைக்கும் எழுதியதை நீங்கள் அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். இதற்குக் கீழே இருப்பதைப் படிக்க வேண்டாம், அது கேஸுக்கு.

பிள்ளைகள் இறங்கக் கூடாது என்று ஏணியை எடுத்ததாக மேலே எழுதியிருக்கிறேன். சரியில்லை. ஏணி இல்லாமலும் சறுக்கி இறங்கிவிடலாம், ஏறத்தான் முடியாது. அது எனக்குத் தெரியும். எவனாவது இறங்கட்டும், ஏற முடியாமல் கிடந்து கத்தட்டும், கொஞ்சம் பயப்படட்டும், பிறகு நான் போய்த் தூக்கிவிடலாம் என்றுதான் எடுத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கொட்டகையில்தான் இருந்தேன். குட்டைக்கும் கொட்டகைக்கும் நூறு அடி. சத்தம் கேட்டது. மாட்டிக்கொண்டான் என்று நினைத்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது. உடனே போனால் புத்தி வராது. கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு தெருவுக்கு விடுகிற நேரத்தை விட்டேன். இருபது நிமிஷம், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பாதிக்கு மேல் சத்தம் வரவில்லை. அலுத்துப்போய் அடங்கிவிட்டான், அதுவும் நல்லதுதான் என்று பிளாஸ்க்கிலிருந்து டீயை ஊற்றிக் குடித்தேன்.

அது யார் குரல் என்று எனக்குத் தெரியவில்லை, மேடம். சத்தியமாகத் தெரியவில்லை. 'அப்பா, அப்பா' என்றுதான் கூப்பிட்டது. யார் பெற்ற பிள்ளையாக இருந்தாலும் பயந்தால் அப்படித்தானே கூப்பிடும்.