ஆறாவது மெழுகுதிரி

செல் குண்டு கூவிக்கொண்டு வருகிறது. காலை ஆறு இருபது. "படுங்கோ! படுங்கோ!" அன்ரன் அண்ணா கத்துகிறார். வெடிக்கிறது. காதுக்குள் நீண்ட விசில். பதுங்குகுழியின் வடக்குச் சுவர் சரிகிறது. அம்மா, ஐயா, சின்னக்கா, அவவின் இரண்டு பிள்ளைகள். கையால் தோண்டினோம். ஐவரும் அசையவில்லை.

மூன்றாம் நாள் பாலத்தைக் கடந்து ஆமியின் பக்கம் வந்தோம். இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவரும் வந்து பதிய வேண்டும் என்று ஒலிபெருக்கி தமிழில் சொன்னது. அண்ணா ஒரு மாதம் இயக்கத்துக்குக் காவலரண் வெட்டியவர். போனார். பஸ்ஸில் ஏற்றினார்கள். அண்ணி முள்ளுக்கம்பியைப் பிடித்தபடி நின்றா. பஸ் பதினொன்று நாற்பதுக்குப் புறப்பட்டது. கொப்பியில் எழுதினேன்.

இப்போது கடல் கடந்து, பனி விழும் அஜின்கோர்ட். கார்த்திகை, இறந்தோர் மாதம். சிங்களக் கத்தோலிக்கரும் நாங்களும் சேர்ந்து ஒப்புக்கொடுக்கும் முதல் நல்லிணக்கப் பூசை. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மெழுகுதிரி, யார் கொன்றது என்ற பேச்சு மட்டும் வேண்டாம் என்று பாதர் கேட்டிருந்தார். படிவத்தில் இரண்டு கட்டம். இறந்தவர் பெயர். இறந்த நாள்.

காணாமல் போனவர்களை எங்கே எழுதுவது என்று பங்குச் சபைச் செயலாளரிடம் கேட்டேன்.

"அதுக்கு வேற பூசை இல்லை, தங்கச்சி. ஒரு திகதியைப் போட்டு விடுங்கோ."

வெற்றுக் கட்டம் எனக்குப் பிடிக்காது. அண்ணாவின் பெயருக்கு எதிரே பஸ் போன நாளைப் போட்டேன். அண்ணியிடம் சொல்லவில்லை.

ஞாயிறு. பதினொன்று பதினைந்து. இடப்பக்கம் நாங்கள். வலப்பக்கம் அவர்கள். யாரோ முழந்தாள் பலகையைக் கைநழுவ விட்டார்கள். டமார். எங்கள் பக்கத்தில் நான்கு பேர் குனிந்தோம். வலப்பக்கத்தில் ஒருவர். நாற்பது வயதிருக்கும், கட்டையாக வெட்டிய முடி. அவர் எங்களைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார்.

பெயர்கள் வாசிக்கிறார்கள். எங்கள் ஐவருக்கும் ஐந்து மெழுகுதிரி. பிறகு, அன்ரன். ஆறாவதைக் கொளுத்துகிறார்கள்.

அண்ணி என் பக்கம் திரும்பினா. குரல் உயரவில்லை.

"அவர் பஸ்ஸிலையெல்லோ ஏறினவர். நீர் ஏன் அவரைச் சாகடிச்சனீர்?"

அவ எழுந்தா. பனிச் சப்பாத்து ஈரத்தில் சளக் சளக்கென்றது. பீடத்தடியில் குனிந்து ஆறாவதை ஊதி அணைத்தா. புகை நேராக எழுந்தது. வாசித்தவர் நிறுத்திவிட்டார்.

ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. குனிந்த அந்த மனிதர் நடைபாதையைக் கடந்து நாங்கள் இருந்த வாங்குக்கு வந்தார். கைகூப்பினார். நான் கூப்பினேன். அண்ணி கைகளை ஜக்கெற் பொக்கெற்றிலிருந்து எடுக்கவில்லை. அவர் தன் பக்கத்துக்குத் திரும்பிப் போனார்.

பூசை முடிய அண்ணி என் காரில் ஏறவில்லை. வீதியோரம் போய் நின்றா. பன்னிரண்டு ஐம்பதுக்கு பஸ் வந்தது. ஏறினா. திரும்பிப் பார்க்கவில்லை.

பதுங்குகுழியில் இறந்தவர்கள் ஐவர். பஸ்ஸில் கொண்டுபோகப்பட்டவர் ஒருவர். படிவத்தைச் செயலாளரிடம் கேட்டு வாங்கி, நான் எழுதிய திகதியை அழித்துவிட்டேன். அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கிறது.