ஐந்து நிமிட மசோதா

மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்தால் நல்லது, ஐயா. காற்று நேரே பட்டால் எனக்குத் தும்மல் வரும். அதனால் பேரவையிலும் என் நாற்காலியை ஓரமாகத்தான் போட்டிருப்பார்கள். அங்கே என் வேலை என்னவென்று கேட்டீர்கள். எந்த மசோதா முதலில், எது பின்னால் என்று அன்றன்றைய அலுவலை வரிசைப்படுத்திக் கொடுப்பது. கையெழுத்துப் போடுவது ஆளுங்கட்சிக் கொறடா. ஆனால் நான் வைத்த வரிசையை அவர் மாற்றியதாக நினைவில்லை.

மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். என் தங்கையின் கணவர். தேர்தலில் ஜெயித்து உள்ளே வந்தபோது அவருக்கு எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்றுகூடத் தெரியாது. விதிகளைச் சொல்லிக்கொடுத்தது நான். பேச்சுகளை எழுதிக்கொடுத்தது நான். அவருக்குப் பெயர் வாங்கித்தந்த தொழிற்கூடக் கதவு மசோதாவும் என் கைவேலைதான். உள்ளே ஆள் வேலை செய்யும்போது கதவை வெளியே பூட்டக் கூடாது. அவ்வளவுதான் அதன் சாரம்.

அதை எழுதுவதற்காக இருவரும் ஒரு தையல் கூடத்துக்குப் போனோம். வாசலில் சங்கிலி, அதில் பூட்டு. துணி திருட்டுப் போகிறதாம். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்ற ஒரு பெண், "சாவி வச்சிருக்கிறவரு சாப்பிடப் போயிருக்காரு சார்" என்றாள். அதை அப்படியே மசோதாவின் நோக்க விளக்கத்தில் சேர்த்தேன். நல்ல வாக்கியம்.

பிறகு பேரவைச் செயலாளர் பதவி காலியானது. "அது உங்களுக்குத்தான் மச்சான். நான் இருக்கேன்ல?" என்றார். தேர்வுக் குழுவில் அவரும் ஒருவர். தங்கை எனக்குப் புதுச் சட்டைகூட எடுத்து வந்தாள். பதவி வெளியாள் ஒருவருக்குப் போனது. அந்த ஆளுக்காகக் கை தூக்கியவர்களில் மாப்பிள்ளையும் உண்டு. இத்தனை வருடம் தூக்கிவிட்டவனின் காலை வாரிவிட்டார்.

"சொந்தக்காரருக்குக் குடுத்துட்டான்னு பேச்சு வந்துடும் மச்சான். தப்பா எடுத்துக்காதீங்க."

என் வீட்டில், என் எதிரே உட்கார்ந்து, நான் போட்ட காபியைக் குடித்துக்கொண்டே சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது, ஐயா. மறைக்க என்ன இருக்கிறது. "பரவாயில்லை மாப்பிள்ளை" என்று சொல்லி இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

தேர்தலுக்கு முந்திய கடைசி அமர்வு வந்தது. அன்று நிறைவேறாத மசோதா அந்தப் பேரவையோடு சேர்ந்து செத்துப்போகும். அலுவல் மலைபோலக் குவிந்திருந்தது. கதவு மசோதாவுக்கு எல்லாக் கட்சிகளும் சம்மதம் சொல்லியிருந்தன. அதைக் கடைசியில் வைத்தேன்.

"இதை ஏன் இவ்வளவு கீழ தள்ளிட்டீங்க?" என்று கொறடா கேட்டார்.

"எதிர்ப்பே இல்லாதது சார். அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும். சண்டை இருக்கிறதை முதல்ல எடுத்துக்கலாம்."

அதில் பொய் எதுவும் இல்லை. எங்கள் வழக்கமே அதுதான். "அதுவும் சரிதான்" என்று கையெழுத்திட்டார். அதற்கு நேர் மேலே தெருப்பெயர் மசோதா இருந்ததை அவர் பொருட்படுத்தவில்லை.

தெருவுக்குப் பெயர் வைப்பதென்றால், அதுவரை கொட்டாவிக்கு மட்டும் வாய் திறந்தவர்களும் எழுந்துவிடுவார்கள். ஒருவர் தம் தாத்தாவின் பெயரை முன்மொழிந்தார். அந்தத் தாத்தாவின் யோக்கியதையை இன்னொருவர் எடுத்துரைத்தார். பொழுது அதிலேயே போனது. மாப்பிள்ளை கையை உயர்த்தியபடியே நின்றார். அவைத் தலைவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். மச்சான் எப்படியும் வழி செய்வார் என்ற நம்பிக்கை. தலைவரிடம் குனிந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், தெருக்களை நிறுத்திவிட்டுக் கதவை எடுத்திருப்பார். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவை கலைந்தது.

அடுத்த மழைக்காலத்தில் தையல் கூடம் எரிந்தது. நாங்கள் போன அதே கூடம்தான். எத்தனை பெண்கள் என்பதை நீங்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள், நான் மறுக்கவில்லையே. பூட்டச் சொன்னது முதலாளி, பூட்டியது காவலாளி. அவர்களையும் பிடித்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். முறைதான்.

தங்கை வந்து அழுதாள். "அவரு தூங்குறதே இல்லண்ணே. எல்லாம் தன்னாலதான்னு புலம்புறாரு. அவரு மேல தப்பில்லன்னு நீயாவது சொல்லு."

நான் சொல்லவில்லை. அவர் புலம்புவதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது.

இப்படி நடக்கலாம் என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். என்ன நடக்கும் என்று அந்த மசோதாவில் பக்கம் பக்கமாக எழுதியவனே நான்தானே. தெரிந்துதான் கடைசியில் வைத்தேன், தெரிந்துதான் வாய் மூடி உட்கார்ந்திருந்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான், ஐயா. இவ்வளவு நடந்த பிறகும் மாப்பிள்ளை என்னிடம் வந்து ஒரு மன்னிப்புக் கேட்கவில்லை.